ஏப்ரலில் யார் வருகிறார்கள்? ஒரு அமெரிக்கச் சிறுநகரத்தின் அரசியல் சாய்வைப் படிக்கும் முறை

2014 ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் மாநகரின் வடபுறத்தில் உள்ள ஃபெர்குசன் என்ற சிறுநகரில் மேயர் தேர்தல். பதிவுபெற்ற வாக்காளர்கள் சுமார் 12,000 பேர். அன்று வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 1,500 பேர். பதவியில் இருந்த மேயர் ஜேம்ஸ் நோல்ஸை எதிர்த்து யாரும் போட்டியிடவில்லை. அவரே மீண்டும் மேயரானார். உலகத்தின் கவனத்தில் அந்தத் தேர்தல் படவே இல்லை.

நான்கு மாதம் கழிந்தது. ஆகஸ்ட் 9 அன்று அதே நகரின் தெரு ஒன்றில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் போலீஸ் அதிகாரி ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரம் கொந்தளித்தது. அங்கே குவிந்த செய்தியாளர்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 2010 கணக்கெடுப்பின்படி சுமார் 21,000 பேர் வாழும் இந்த நகரில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். அப்படியிருக்க, மேயர் வெள்ளையர். நகரமன்ற உறுப்பினர் ஆறு பேரில் ஐந்து பேர் வெள்ளையர். ஐம்பதுக்கும் மேற்பட்ட போலீசாரில் கறுப்பினத்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இது எப்படி?

இதற்குக் கிடைக்கும் பதில்தான், அமெரிக்கச் சிறுநகரங்களின் அரசியலைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு மிகச் சிறந்த முதல் பாடம் என்று நான் நம்புகிறேன். ‘அரசியல் சாய்வு’, ‘வாக்குப்பதிவு விகிதம்’ ஆகிய இரண்டையும் நாம் தனித்தனிச் செய்திகளாகவே படித்துப் பழகியிருக்கிறோம். சிறுநகரங்களில் அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரு நகரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது, அன்றைக்கு யார் வாக்குச்சாவடிக்கு வந்தார்கள் என்பதைப் பொறுத்தே மாறிவிடுகிறது.

சாய்வு என்றால் என்ன?

ஒரு நகரத்தில் வாழ்பவர்கள் பொதுவாக எந்தக் கட்சியை, எந்தக் கொள்கையை ஆதரிக்கிறார்கள் என்பதையே அதன் அரசியல் சாய்வு என்கிறோம். சொல்வது எளிது, அளப்பது கடினம்.

அமெரிக்காவில் ஏறக்குறைய முப்பது மாநிலங்களில், வாக்காளராகப் பதிவு செய்யும்போதே தான் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதையும் ஒருவர் பதிவு செய்யலாம். அந்த மாநிலங்களில் ஒரு நகரத்தின் பட்டியலைப் பார்த்தால் ஜனநாயகக் கட்சியினர் இத்தனை பேர், குடியரசுக் கட்சியினர் இத்தனை பேர், எந்தக் கட்சியும் வேண்டாம் என்றவர்கள் இத்தனை பேர் என்று எண்ணிவிடலாம். மிசூரியில் அண்மைக் காலம் வரை அந்த வழக்கம் இல்லை. ஆகவே ஃபெர்குசனின் சாய்வை அறிய, அதிபர் தேர்தல் போன்ற பெரிய தேர்தல்களில் அந்நகரத்து வாக்குச்சாவடிகளில் யாருக்கு எத்தனை வாக்குகள் விழுந்தன என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஐயத்துக்கே இடமில்லை. மிசூரி மாநிலம் குடியரசுக் கட்சியின் பக்கம் நன்றாகச் சாய்ந்துவிட்டது. 2020-இல் டிரம்ப் அங்கே ஏறக்குறைய 57 சதவீத வாக்குகளைப் பெற்றார். செயின்ட் லூயிஸ் கவுண்டியோ (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அதே தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கு ஏறக்குறைய 61 சதவீதத்தை அளித்தது. கவுண்டியின் வடபகுதியில் உள்ள ஃபெர்குசன் அதைவிடவும் உறுதியான ஜனநாயகக் கட்சி நகரம்.

ஆனால் அந்த நகரத்தின் மேயர் நோல்ஸ், குடியரசுக் கட்சிக்காரராக அறியப்பட்டவர். 2011-இல் முதன்முறை மேயரானபோது அவருக்கு முப்பது வயதைச் சற்றே தாண்டியிருந்தது. நவம்பரில் ஒரு பக்கம் பெருவாரியாகச் சாய்கிற நகரம், ஏப்ரலில் மறுபக்கத்து மேயரோடு அமைதியாக இருந்தது. நகரம் மனம் மாறவில்லை. நவம்பரில் வரிசையில் நின்றவர்கள் ஏப்ரலில் வரவில்லை, அவ்வளவுதான்.

எந்தக் கணக்கில் சதவீதம்?

வாக்குப்பதிவு விகிதம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே பதிவான வாக்குகள். கீழே என்ன என்பதில்தான் குழப்பம். பதிவுபெற்ற வாக்காளர்களின் எண்ணிக்கையைக் கீழே போடலாம். 18 வயது நிறைந்த எல்லோரையும் போடலாம். அல்லது அவர்களில் குடியுரிமை இல்லாதவர்களையும் வாக்குரிமை இழந்தவர்களையும் கழித்துவிட்டு, வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களை மட்டும் போடலாம். மிசூரியில் கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள், சிறையிலிருந்து வெளியே வந்த பிறகும் கண்காணிப்புக் காலம் முடியும்வரை வாக்களிக்க முடியாது. ஆகவே இந்தக் கழித்தல் அங்கே சின்ன விஷயமல்ல.

ஒரே தேர்தலுக்கு மூன்று விதமான சதவீதம் வரும். மூன்றும் சரியாகவே இருக்கும். பதிவானவர்களை வைத்துக் கணக்கிட்டால் விகிதம் உயரும். தகுதியுள்ள எல்லோரையும் வைத்தால் இறங்கும். அமெரிக்காவில் பதிவு செய்வது பெரும்பாலும் குடிமகனின் பொறுப்பு. வீடு மாறினால் முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே பதிவை முடித்திருக்க வேண்டும் என்பது மிசூரியின் விதி. வாடகை வீட்டில் இருந்து அடிக்கடி இடம் மாறுகிறவர் இந்தச் சல்லடையிலேயே நழுவிப் போகிறார். பதிவுபெற்றவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு, அப்படி நழுவியவர்களை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அதனால் ஒரு கட்டுரையில் சதவீதம் ஒன்றைப் பார்த்தவுடன், ‘எதில் இத்தனை சதவீதம்?’ என்று கேட்கப் பழகுங்கள்.

தவறான எண் எவ்வளவு நம்பிக்கையைக் கிளப்பிவிட்டு ஏமாற்றும் என்பதற்கும் ஃபெர்குசனே சாட்சி. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு போராட்டங்களின் நடுவே மேசை போட்டு வாக்காளர்களைப் பதிவு செய்தார்கள். 2014 அக்டோபரில், சில வாரங்களுக்குள் 3,287 பேர் புதிதாகப் பதிவு செய்துவிட்டார்கள் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. பன்னிரண்டாயிரம் பேர் கொண்ட பட்டியலில் மூவாயிரம் புதியவர்கள் என்றால் அது ஒரு புரட்சி. சில நாட்களில் கவுண்டி தேர்தல் வாரியம் எண்ணைத் திருத்தியது. முகவரி மாற்றம் போன்ற திருத்தங்களும் அந்தக் கணக்கில் கலந்துவிட்டன. உண்மையில் புதிதாகப் பதிவு செய்தவர்கள் 128 பேர் மட்டுமே. முதலில் வந்த எண்ணை நம்பி மகிழ்ந்தவர்கள்மீது எனக்குக் குறையில்லை. அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் நியாயமான ஏக்கம் இருந்தது. ஆனாலும் 3,287-க்கும் 128-க்கும் இடையில் இருக்கும் தூரம், கோபம் தானாக வாக்காக மாறுவதில்லை என்பதைக் காட்டுகிறது.

ஐந்து மாதத்தில் மாறிய நகரம்

இனி மையமான கணக்குக்கு வருவோம். 2012 நவம்பர் 6 அன்று அதிபர் தேர்தல். ஒபாமா இரண்டாம் முறை நின்றார். 2013 ஏப்ரல் 2 அன்று ஃபெர்குசன் நகரத் தேர்தல். இரண்டுக்கும் இடையே ஐந்து மாதம்கூட இல்லை. அரசியல் அறிவியலாளர்கள் சிலர் வாக்காளர் பதிவேடுகளைக் கொண்டு இரண்டு தேர்தல்களிலும் யார் வாக்களித்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். அதிபர் தேர்தலில் ஃபெர்குசனின் கறுப்பினத்தவரில் 54 சதவீதமும் வெள்ளையரில் 55 சதவீதமும் வாக்களித்திருந்தார்கள். ஏறக்குறைய சமம். ஐந்து மாதம் கழித்து நடந்த நகரத் தேர்தலிலோ வெள்ளையரில் 17 சதவீதம்; கறுப்பினத்தவரில் 6 சதவீதம்.

இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிதாக வருவதற்காக, நகரில் தகுதியுள்ள 100 பேர் இருப்பதாகவும் அவர்களில் 67 பேர் கறுப்பினத்தவர், 33 பேர் வெள்ளையர் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையில் கறுப்பினக் குடும்பங்களில் குழந்தைகள் அதிகம் என்பதால், வயதுவந்தோரில் அவர்களது பங்கு இதைவிடச் சற்றுக் குறையும். நவம்பரில் அந்த 67 பேரில் 36 பேர் வந்தார்கள். 33 பேரில் 18 பேர் வந்தார்கள். வரிசையில் மூன்றில் இருவர் கறுப்பினத்தவர். நகரம் எப்படியோ வரிசையும் அப்படியே. ஏப்ரலில் 67 பேரில் நால்வர் வந்தார்கள். 33 பேரில் ஐந்து அல்லது ஆறு பேர் வந்தார்கள். பெரும்பான்மை கைமாறிவிட்டது. யாருடைய வாக்குரிமையும் அன்று பறிக்கப்படவில்லை, கள்ள வாக்கு விழவில்லை, எண்ணியவர்கள் தவறாக எண்ணவில்லை. எல்லாம் சட்டப்படி நடந்தும், ஊரில் சிறுபான்மையாக இருந்தவர்கள் வாக்குப்பெட்டியில் பெரும்பான்மை ஆனார்கள்.

கறுப்பின மக்கள் அக்கறையற்றவர்கள் என்று அப்போது சிலர் எழுதினார்கள். மேலே உள்ள 54 என்ற எண்ணை அவர்கள் பார்க்கவில்லை. வெள்ளையரின் 17 சதவீதத்தையும் அவர்கள் பார்க்கவில்லை. ஆறில் ஐந்து வெள்ளையரும் அன்று வீட்டிலேயே இருந்தார்கள். வாக்களிக்கும் பழக்கம் எல்லோரிடமும் இருந்தது. கேள்வி, ஏப்ரலுக்கு என்ன ஆயிற்று என்பதுதான்.

நாட்காட்டியின் கை

அமெரிக்காவில் அதிபரையும் நாடாளுமன்றத்தையும் தேர்ந்தெடுப்பது இரட்டைப்படை ஆண்டுகளின் நவம்பர் மாதத்தில், முதல் திங்களுக்கு அடுத்து வரும் செவ்வாயன்று. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் நாளை இப்படி நிர்ணயித்த சட்டம் 1845-இல் வந்தது. பெரும்பாலான மாநிலங்களில் விடுமுறை இல்லாத ஒரு வேலைநாள் அது. அப்படியிருந்தும் அதிபர் தேர்தலுக்குப் பெருங்கூட்டம் வருகிறது. 2020-இல் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய 66 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அதிபர் பெயர் இல்லாத இடைக்காலத் தேர்தல்களில் கூட்டம் குறையும். 2014-இல் அது சுமார் 36 சதவீதத்துக்கு இறங்கியது, 2018-இல் சுமார் 50 சதவீதத்துக்கு ஏறியது.

நகரத் தேர்தல்களோ பெரும்பாலும் இந்த இரண்டோடும் சேராமல் தனி நாளில் நடக்கின்றன. மிசூரியில் ஏப்ரல் மாதத்து முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். தொலைக்காட்சியில் விளம்பரம் இல்லை, வாசலில் கதவு தட்டும் தொண்டர் இல்லை, அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேச்சில்லை. ஃபெர்குசனில் மேயருக்கு மூன்றாண்டுப் பதவிக்காலம். நகரமன்ற இடங்களும் எல்லாம் ஒரே நாளில் காலியாவதில்லை. ஓர் ஏப்ரலில் மேயர் பெயர் இருக்கும், இன்னோர் ஏப்ரலில் நகரமன்ற இடங்கள் மட்டும் இருக்கும். இவ்வளவையும் நினைவில் வைத்திருந்து வாக்களிக்கப் போகிறவர் யார்? நெடுங்காலமாக அதே தெருவில் சொந்த வீட்டில் இருப்பவர், வேட்பாளரைத் தனிப்பட்ட முறையில் அறிந்தவர், சொத்துவரி பற்றிக் கவலைப்படுபவர், ஓய்வுபெற்றவர், நகராட்சியில் வேலை பார்ப்பவரின் குடும்பத்தார். அவர்கள் வருவது நல்லதே. அவர்கள் மட்டுமே வருவதுதான் சிக்கல்.

ஃபெர்குசனில் இந்த வேறுபாடு இனத்தின் மேல் அப்படியே படிந்தது. 1990-இல் நகரின் கால்வாசியினர்தான் கறுப்பினத்தவர். 2000-இல் அவர்கள் பாதியைத் தாண்டினார்கள். 2010-இல் மூன்றில் இரண்டு பங்கானார்கள். இருபதே ஆண்டுகளில் ஊர் மாறியது. புதிதாக வந்தவர்களில் பலர் வாடகைக்குக் குடியிருந்த இளங்குடும்பத்தினர். பழைய குடிகளுக்கோ ஊர்ச் சங்கம், தேவாலயம், நகரமன்றக் கூட்டம் என்று பல பத்தாண்டுத் தொடர்புகள். ஏப்ரல் தேர்தல் அந்தப் பழைய ஊருக்காகவே நடப்பதுபோல் ஆகிவிட்டது.

இந்தத் தனிநாள் ஏற்பாடு தற்செயலாக வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பெருநகரங்களில் கட்சித் தலைவர்கள் வேலைகளையும் ஒப்பந்தங்களையும் பங்குபோட்டுக் கொடுத்து வாக்குகளைக் கட்டிவைத்திருந்தார்கள். அந்தப் பிடியை உடைக்கச் சீர்திருத்தக்காரர்கள் சில ஏற்பாடுகளைக் கொண்டுவந்தார்கள். நகரத் தேர்தலைத் தேசியத் தேர்தலிலிருந்து பிரித்தல். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரை நீக்குதல். அன்றாட நிர்வாகத்தைத் தொழில்முறை நகர மேலாளர் ஒருவரிடம் ஒப்படைத்தல். குப்பை அள்ளுவதில் கட்சி என்ன இருக்கிறது என்பது அவர்களது வாதம். அதில் உண்மை இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஏழைகளும் புதிதாகக் குடியேறியவர்களும் வாக்குச்சாவடியிலிருந்து விலகிப்போவார்கள் என்பதும் அப்போதே தெரியாத விளைவல்ல.

கட்சிப் பெயர் இல்லாத வாக்குச்சீட்டை எண்ணிப் பாருங்கள். நவம்பரில் வேட்பாளரைப் பற்றி எதுவுமே தெரியாவிட்டாலும், அவர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கட்சியைப் பார்த்து ஓரளவு முடிவெடுக்கலாம். ஏப்ரலில் வெறும் பெயர்கள்தான். யார் எந்தக் கொள்கைக்காரர், போலீஸ் பற்றி என்ன நினைக்கிறார், அபராதம் பற்றி என்ன நினைக்கிறார் என்று தெரியாது. உள்ளூரில் பெயர் தெரிந்தவருக்கே வாக்கு விழும். உறுதியான ஜனநாயகக் கட்சி ஊரில் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர் மேயராக நீடிப்பதில் விந்தை ஒன்றும் இல்லை என்பது இப்போது விளங்கும்.

நகரமன்றம் அப்படி என்ன செய்துவிடும்?

அதிபரைத் தேர்ந்தெடுக்கப் போனோமே, அது போதாதா என்று ஒருவர் கேட்கலாம். ஃபெர்குசனில் அந்தக் கேள்விக்கு விடை வாழ்க்கையிலேயே எழுதப்பட்டிருந்தது.

மேயர் பதவி அங்கே பகுதிநேரப் பொறுப்புதான். மேயரும் ஆறு உறுப்பினர்களும் சேர்ந்த நகரமன்றம் நகர மேலாளரை நியமிக்கும். போலீஸ் தலைமை அதிகாரி அந்த மேலாளருக்குக் கீழே வருவார். ஆகவே ஒரு போலீஸ்காரர் தெருவில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதற்கான சங்கிலி, மேலாளர் வழியாக நகரமன்றத்துக்கும், நகரமன்றம் வழியாக ஏப்ரல் மாதத்து 1,500 வாக்குகளுக்கும் போய்ச் சேர்கிறது.

2015 மார்ச்சில் மத்திய நீதித் துறை ஃபெர்குசன் போலீசைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அந்த நகராட்சி தன் வரவுசெலவுக்காகப் போக்குவரத்து அபராதங்களையும் நீதிமன்றக் கட்டணங்களையும் நம்பத் தொடங்கியிருந்தது. 2010 நிதியாண்டில் இந்த வகையில் வந்தது 13.8 லட்சம் டாலர். பொது வருவாயில் எட்டில் ஒரு பங்கு. 2015 நிதியாண்டுக்கு அவர்கள் எதிர்பார்த்தது 30.9 லட்சம் டாலர். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அபராதச் சீட்டுகளைக் கூட்டும்படி நிதி அதிகாரி போலீஸ் தலைமைக்கு எழுதிய கடிதமும் அறிக்கையில் இருந்தது. இந்தப் பணம் யாரிடமிருந்து வந்தது? 2012 முதல் 2014 வரை, மக்கள்தொகையில் 67 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர், போலீசார் நிறுத்திய வாகனங்களில் 85 சதவீதம், எழுதிய அபராதச் சீட்டுகளில் 90 சதவீதம், செய்த கைதுகளில் 93 சதவீதம்.

புல்வெட்டாத முற்றத்துக்குக்கூட அபராதம் விதிக்கப்பட்ட ஊர் அது. அபராதம் கட்டாமல் நீதிமன்றத் தேதியைத் தவறவிட்டால் கைது ஆணை வரும். அதனால் வேலை போகும். அதிபர் யார் என்பது இதில் எதையும் நேரடியாக மாற்றாது. நகரமன்றம் மாற்றலாம். வரவுசெலவுத் திட்டத்தை ஆண்டுதோறும் ஏற்றுக்கொண்டது அந்த ஏழு பேர்தான்.

இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. போலீஸ், சிறை ஆகியவற்றோடு கசப்பான தொடர்பு ஏற்பட்டவர்கள் தேர்தலிலிருந்து ஒதுங்கிப்போவதை அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நகராட்சி என்றாலே அபராதம் என்று பழகிப்போன ஒருவர், அதே நகராட்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்க விருப்பத்தோடு வருவாரா? அவர் வராததால் கொள்கை மாறவில்லை. கொள்கை மாறாததால் அவர் வரவில்லை. இந்தச் சுழலை வெளியிலிருந்து பார்த்து அக்கறையின்மை என்று பெயர் வைப்பது நியாயமில்லை.

2015 ஏப்ரல், அதற்குப் பிறகு

நீதித் துறை அறிக்கை வந்த அதே மாதத்தில் நகர மேலாளர், போலீஸ் தலைமை அதிகாரி, நகர நீதிபதி ஆகியோர் பதவி விலகினார்கள். ஏப்ரல் 7 அன்று மூன்று வார்டுகளிலும் நகரமன்றத்துக்கு ஓர் இடம் வீதம் தேர்தல். வாக்குப்பதிவு ஏறக்குறைய 30 சதவீதம். முந்தைய ஆண்டுகளின் 12 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். கறுப்பினத்தவரான எலா ஜோன்ஸும் வெஸ்லி பெல்லும் வென்றார்கள். ஏற்கெனவே இருந்த ஒருவரோடு சேர்த்து ஆறு உறுப்பினர்களில் மூவர் கறுப்பினத்தவர் ஆனார்கள். பிரவுன் கொல்லப்பட்ட பகுதியை உள்ளடக்கிய மூன்றாவது வார்டில் போட்டியிட்ட இருவருமே கறுப்பினத்தவர்கள். ஆள் நின்றால்தான் வாக்காளருக்கு வருவதற்குக் காரணம் கிடைக்கும். ஓராண்டுக்கு முன் மேயர் தேர்தலில் ஒற்றைப் பெயரே இருந்ததை நினைவுகூருங்கள். போட்டியில்லாத தேர்தலுக்குக் கூட்டம் வராததை யார் குறையென்று சொல்ல முடியும்?

அந்த 30 சதவீதத்தை உலகமே கவனித்த ஒரு நகரின் உச்சம் என்று பார்க்கலாம். அப்போதும் பத்தில் ஏழு பேர் வரவில்லை என்றும் பார்க்கலாம். நான் முதல் பார்வையின் பக்கம் நிற்கிறேன். தனி நாளில் நடக்கும் நகரத் தேர்தலுக்கு இது பெரிய தாவல்.

பள்ளி வாரியத்திலும் இதே கதைதான். ஃபெர்குசன்-ஃப்ளோரிசன்ட் பள்ளி மாவட்டத்தில் மாணவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். 2014-இல் வாரிய உறுப்பினர் ஏழு பேரில் ஆறு பேர் வெள்ளையர். அங்கே வார்டுகள் இல்லை. மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி, தேர்தல் ஏப்ரலில். இந்த ஏற்பாட்டை எதிர்த்துக் கறுப்பின உரிமை அமைப்பு 2014 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. அது வாக்குரிமைச் சட்டத்தை மீறுவதாக 2016-இல் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018-இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. தீர்வாக வந்தது திரட்டு வாக்கு முறை. இரண்டு இடங்கள் காலியாக இருந்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒரே வேட்பாளருக்கே போடலாம். சிதறிப் போகாமல் ஒரு சமூகம் தன் வாக்குகளை ஒருவர்மீது குவிக்க இது வழி செய்கிறது. தேர்தல் நாள் மட்டும் ஏப்ரலிலேயே இருந்தது.

நாளை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பிற ஊர்களின் அனுபவம் இருக்கிறது. பால்டிமோர் மாநகரம் தன் தேர்தலை அதிபர் தேர்தலோடு சேர்த்தது. 2011-இல் 13 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 2016-இல் 60 சதவீதம் அளவுக்கு உயர்ந்தது. கலிஃபோர்னியா 2015-இல் ஒரு சட்டம் இயற்றி, வாக்குப்பதிவு மிகக் குறைவாக உள்ள நகரங்கள் மாநிலத் தேர்தல் நாளுக்கு மாற வேண்டும் என்றது. எதிர்வாதமும் உண்டு. நவம்பர் வாக்குச்சீட்டு மிக நீளமானது. அதிபரில் தொடங்கி நீதிபதிகள்வரை போகும். கடைசியில் இருக்கும் நகரமன்றப் பெயர்களைப் பலர் குறியிடாமலே விட்டுவிடுவார்கள், குறியிடுகிறவர்களும் தெரியாமல் குறியிடுவார்கள், ஊர்ப் பிரச்சினைகள் தேசியச் சண்டையில் மூழ்கிப்போகும் என்கிறார்கள். பாதிப் பேர் கடைசிப் பகுதியை வெறுமையாக விட்டாலும், 12 சதவீதத்தைவிட அதிகம் பேர் தீர்மானிப்பார்கள் என்பதே என் பதில்.

நாளின் வலிமையை ஃபெர்குசன்காரர்கள் இன்னொரு தேர்தலிலும் கண்டார்கள். 1991 முதல் செயின்ட் லூயிஸ் கவுண்டியின் அரசு வழக்கறிஞராக இருந்தவர் பாப் மெக்கலக். பிரவுன் வழக்கைக் கையாண்டவர் அவரே. 2018 ஆகஸ்ட் 7 அன்று ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், வெஸ்லி பெல் அவரைத் தோற்கடித்தார். எதிர்க்கட்சி வேட்பாளர் இல்லாததால் பிரைமரியே இறுதித் தேர்தலாகிவிட்டது. ஒரு கட்சியின் பக்கம் அழுத்தமாகச் சாய்ந்த ஊர்களில் இது வழக்கம். நவம்பரை மட்டும் பார்க்கிறவர் உண்மையான போட்டியைத் தவறவிடுவார். அன்றைய வாக்குச்சீட்டில் தொழிற்சங்க உரிமை தொடர்பான மாநில வாக்கெடுப்பும் இருந்தது. அதற்காகத் தொழிற்சங்கங்கள் வீடுவீடாகப் போய் மக்களை அழைத்து வந்திருந்தன. பெல் பிற்பாடு, 2024-இல், நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

உங்களுக்கு ஏதேனும் ஓர் அமெரிக்கச் சிறுநகரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விருப்பமிருந்தால், அந்தக் கவுண்டியின் தேர்தல் அலுவலக இணையதளத்தில் வாக்குச்சாவடி வாரியான முடிவுகள் கிடைக்கும். அதிபர் தேர்தல் தாளையும் அடுத்து வந்த நகரத் தேர்தல் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்தச் சாவடியில் கூட்டம் அதிகமாகச் சரிந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்தப் பகுதியில் வாடகை வீடுகள் எத்தனை, சராசரி வயது என்ன என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடுங்கள். வாக்குச்சாவடியின் எல்லை நகர எல்லையோடு எப்போதும் ஒத்துப்போகாது, அஞ்சல் வாக்குகள் சில இடங்களில் தனியாக எண்ணப்படும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு சாவடியின் மொத்தத்தை வைத்து அங்குள்ள தனிமனிதர் எப்படி வாக்களித்தார் என்று முடிவு கட்டவும் கூடாது.

ஃபெர்குசனின் மேயர் நாற்காலிக்கு 2017 ஏப்ரலில் எலா ஜோன்ஸ் போட்டியிட்டார். ஊரும் உலகமும் மாற்றத்தை எதிர்பார்த்தன. நோல்ஸ் 56 சதவீத வாக்குகளோடு மீண்டும் வென்றார். அடுத்த தேர்தல் 2020 ஏப்ரலில் வந்திருக்க வேண்டும். கொரோனாவால் ஜூன் 2-க்குத் தள்ளிப்போனது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் அதிகாரி ஒருவரால் கொல்லப்பட்டிருந்தார். நாடு முழுவதும் தெருக்கள் நிறைந்திருந்தன, ஃபெர்குசனிலும் போராட்டம் நடந்தது. நோல்ஸ் இம்முறை களத்தில் இல்லை. எலா ஜோன்ஸ் வென்றார். நகரின் முதல் கறுப்பின மேயர், முதல் பெண் மேயர். அவருக்கு விழுந்தவை 700-க்குச் சற்று அதிகமான வாக்குகள். எதிர்த்து நின்றவருக்கு 600-க்குச் சற்று அதிகம். அந்த வரலாற்று நாளில் வந்த கூட்டம், போட்டியே இல்லாமல் நோல்ஸ் வென்ற 2014 ஏப்ரலின் கூட்டத்தைவிடச் சிறியது.